பூசாரியிடம் நான் போகாத ஆடி

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். அனகாபுத்தூரில் தடுப்பூசி போடும் நர்ஸாக இருக்கிறேன். ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை குழந்தைகளுக்கு ஊசி போட இங்கே விடமாட்டார்கள்.

"ஊசி போடலாம்னு பூசாரிய சொல்லச் சொல்லும்மா" என்றார் எங்கள் டாக்டர். ஐந்தாவதுகூடத் தாண்டாதவர் பேச்சுக்கு என்னைவிட மதிப்பா என்று பொறாமை. நான் போகவில்லை. தடுப்பூசி முகாமுக்கும் யாரும் வரவில்லை.

திருவிழா முடிவதற்குள் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை கண்டு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் நல்லவேளையாகப் பிழைத்தது. பயந்துபோய்ப் பூசாரியிடம் ஓடினேன்.

"இன்னாம்மா, மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றவர், கோயில் மைக்கை எடுத்தார். "ஊசி போட்டா ஆத்தா கோச்சிக்க மாட்டா. புள்ளைங்கள தூக்கினு போங்க!"

மறுநாள் தெருமுனைவரை வரிசை. "பூசாரியே சொல்ட்டாரு சிஸ்டர்" என்று ஒருத்தி சிரித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. ஆனாலும் முகாம் தேதியை முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைகிறேன்.