செல்வராணி அக்கா போட்டுவைத்த கோடுகள்

உரும்பிராயில் எங்கள் வாசிகசாலையை இருபது ஆண்டுகள் பார்த்த செல்வராணி அக்கா காலமான செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அப்போது நான் வவுனியாவில் மகள் வீட்டில் நின்றேன். செய்தி ஊர் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது. மேலே காலை வணக்கப் பூக்கள், கீழே யாருடையதோ பிறந்தநாள் கேக். 'குழுவிலை போட்டதுதானே' என்று எவரும் தனியாக அழைக்கவில்லை. நான் வாசித்தபோது அவரை எரித்து, சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்திருந்தது. வாசிகசாலையின் செயலாளர் நான். அந்தக் குழுவைத் தொடங்கியவனும் நான்தான்.

அக்கா தனியாக வாழ்ந்தவர். காலை பஸ்ஸில் வரும் பத்திரிகைகளை முதலில் தானே வாசித்து முடிப்பார். பிறகு தேவையான செய்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ஓர் எழுத்து இடுவார். 'த' என்றால் தம்பிராசா அண்ணைக்கு, வெங்காய விலை. 'ம' என்றால் மாலதி ரீச்சருக்கு, ஓய்வூதியச் செய்தி. அவரவர் தம் எழுத்தைத் தேடி வாசித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

"வேண்டாததையெல்லாம் நான் வாசிச்சுக் களைக்கிறன். நீங்கள் வேண்டியதை வாசியுங்கோ" என்பார். கொஞ்சம் அதிகாரம்தான். அரசியல்வாதிகளின் படங்களுக்கு ஒருநாளும் கோடு விழாது. அதில் சிலருக்கு அவர்மேல் கோபமும் இருந்தது.

எல்லோர் கையிலும் போன் வந்ததும், இனிப் பத்திரிகை எதற்கு என்று கூட்டத்தில் கேட்டவன் நான். அக்கா எழுந்து, "தம்பி, போனிலை எல்லாம் வரும். ஆர் தெரிஞ்செடுக்கிறது?" என்றார். நாங்கள் சிரித்தோம். பத்திரிகை நின்றது. அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அடுத்த மாசியில், பெருமழை வருகிறது என்று குழுவில் வந்ததை நம்பி, நாலு பரப்புக் காணியில் நின்ற வெங்காயத்தை முற்றுவதற்கு முதலே பிடுங்கினேன். ஒரு துளி விழவில்லை. வழியில் கண்ட அக்கா என் போனை வாங்கிப் பார்த்தார். "உது எந்த வருசத்துச் செய்தி? திகதி பார்த்தனியே?" மூன்று வருடப் பழசு. வெட்கத்தில் அவரையும் குழுவில் சேர்த்துவிட்டேன், ஏதோ பெரிய மரியாதை செய்ததுபோல.

வவுனியாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் குழுவில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு அக்கா எழுதியிருக்கிறார்: "எனக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. ஆராவது ஒருக்கா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

அதற்குக் கீழே பதினொரு பெருவிரல் படங்கள். யாரும் போகவில்லை. நல்ல செய்தி ஏதோ என்று நினைத்திருப்பார்கள், அல்லது எதையுமே நினைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. வாசிக்காமலே போட்டிருக்கிறேன்.

ஆத்மசாந்தி வேண்டுகிறோம் என்று இப்போது குழு முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. போய்வாருங்கள், அக்கா.