நாலு கட்டத்தில் ஒரு கறுப்பு

பள்ளி திறந்த ஜூனிலேயே பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடத்தை மூன்று பேர் சேர்ந்து நடத்தினோம். அறிவியல் டீச்சர் விளக்கினார். நிகழ்தகவு கணக்கு வாத்தியாரான என் பங்கு. அதைப் படமாக்கச் சொன்னவர் ஓவிய ஆசிரியர். அப்பாவுக்கு ஒரு டம்ளர், அம்மாவுக்கு ஒரு டம்ளர். இரண்டிலும் கறுப்பும் வெள்ளையுமாக அவரை விதைகள், சம அளவில். கண்ணை மூடி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விதை எடுத்தால் ஒரு பிள்ளை. இரண்டும் கறுப்பாக வந்தால் மட்டும் பெற்றோரிடம் மறைந்திருந்த குறை பிள்ளையிடம் வெளிப்படும். நாலில் ஒரு வாய்ப்பு.

எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மாணவர்கள் அதை அட்டையில் பசை வைத்து ஒட்டிவிட்டார்கள். நாலு கட்டம், ஒன்றில் மட்டும் இரட்டைக் கறுப்பு. பார்க்க நன்றாக இருந்தது. சுவரில் மாட்டினோம்.

காலாண்டு விடுமுறை முடிந்து, ஆலத்தூர் நாடு என்கிற மலை ஊர்ப்பகுதியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். அவள் அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதெல்லாம் எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"டீச்சர், அக்கா மறுபடி முழுகாம இருக்குதுங்க."

"சந்தோஷம் கண்ணு."

"பயந்துக்கிட்டு, இனி வேண்டாம்னுதான் இருந்துச்சுங்க. ஆஸ்பத்திரியில நாலுல ஒண்ணு இப்படி ஆகும்னாங்களாம். பாடம் நடத்துனப்பவே நான்தான் நம்ம அட்டையை வரஞ்சு காட்டினேன். கறுப்புக் கட்டம் பையனோட போச்சு. இனி மூணும் நல்லதுதானுங்களே?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாத்தான் எடுக்கணும் சாமி," என்றேன். "முதல்ல வந்தது அடுத்ததுல கழியாது."

"அப்ப இதுக்கும் நாலுல ஒண்ணுங்களா?"

"ஆமா."



"அட்டைக்கு மார்க் முழுசாப் போட்டீங்களே சார்."

கோபமாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை டீச்சரும் நானும் அவளோடு பஸ்ஸில் போனோம். அக்கா வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பையன் தோலை அடுக்கிக்கொண்டிருந்தான். நல்லபடியாகப் பிறக்கவே வாய்ப்பு அதிகம் என்பதிலிருந்து தொடங்கி, டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"எப்பங்க தெரியும்?"

"பிறந்ததும் காதுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்."

தலையாட்டினார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"மாமாகிட்ட இதைச் சொல்லாத. இத்தனை நாளு வெக்கப்பட்டவரு, அடுத்தது நல்லாப் பொறக்கும்னு நம்பி இப்பத்தான் பையனைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போக ஆரம்பிச்சிருக்காரு."