கிழவர் குதிரை ஏறும் காட்சி

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பேச்சு குழறும், ஆனால் புரியும். தில்லை நகர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு மாசந்தாம்மா. அதுக்குள்ள எந்திரிச்சு நிக்கப் பழக்கிடணும். விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றார். இவரோ நிற்க மாட்டேன் என்றார். முடியாது என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றுதான் சொன்னார். பிசியோதெரபி செய்ய தினமும் ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வரும் பெண், வாக்கரை முன்னால் வைத்து "எந்திரிங்க சார்" என்று கெஞ்சுவாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. முதுகெலும்பில் ஏற்கெனவே தேய்மானம். அவர் நல்ல கனம். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து பாத்ரூம், மறுபடி கட்டில். குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுவேன். அவருக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தினால் அல்ல. கேட்டும் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தினால். ஒரு மனுஷி எத்தனை நாள் இப்படித் தாங்குவாள்? எனக்கே என் மேல் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் இவர் அடிக்கடி சொல்லும் கௌபாய் படம் ஞாபகம் வந்தது. கல்லூரி நாளிலிருந்து இவருக்கு ஒரு வெள்ளைக்கார நடிகர் மேல் பைத்தியம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த நடிகரைப் போலத்தான் கூடத்துக்குள் நடந்து வந்தாராம். எனக்கோ, மாப்பிள்ளைக்குக் காலில் ஏதோ கோளாறு, மறைக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த நடிகர் வயதான பிறகு நடித்த ஒரு படத்தை இவர் திருச்சியில் காலைக்காட்சியில் ஏழு தடவை பார்த்திருக்கிறார். அரியமங்கலம் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க, யாராவது வேலையில் சோர்ந்து உட்கார்ந்தால் அந்தக் கதையை எடுத்துவிடுவாராம். சென்னையில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அவள் எங்கேயோ தேடிப் பிடித்து, வந்து டிவியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் அலட்சியமாகத்தான் பார்த்தேன். ஒரு காலத்தில் ஊரையே நடுங்க வைத்த மனிதர், இப்போது கிழவர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஆள் தொப்பியைக் கழற்றும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கை நடுங்குவது தெரியாமலிருக்க கட்டைவிரலைப் பெல்ட்டில் செருகிக்கொள்கிறார். யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. எதிரில் இருப்பவனுக்குத்தான் வியர்க்கும். அந்தக் காலத்துப் பையன்கள் ஏன் கிறுக்கு பிடித்து அலைந்தார்கள் என்பது இத்தனை வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது.

ஊர் முழுக்க நின்று வேடிக்கை பார்க்க, அவர் குதிரை ஏறும் காட்சி ஒன்று வரும். முதல் தடவை கால் வழுக்குகிறது. இரண்டாவது தடவை முட்டி மடங்கி மண்ணில் விழுகிறார். எவனோ சிரிக்கிறான். பின்னணி இசை கிடையாது. கிழவர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கும். மூன்றாவது தடவை ஏறிவிடுகிறார். படம் எடுத்தபோது அந்த நடிகருக்கு நிஜமாகவே உடம்பு முடியாமல் இருந்ததாம், டூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எங்கள் மகள் எங்கேயோ படித்துச் சொன்னாள். என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன். மூன்று மாதத்தில் அவராக அசைந்தது அதுதான் முதல் தடவை.

"அப்புறம் மலை மேல போவாரு. அவ்ளோதான் படம்" என்று சொல்லிவிட்டு, அசதியில் அப்படியே தூங்கிப்போனார்.

ஆனால் படம் முடியவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. மகள் வீட்டு வாசலுக்குக் குதிரை மட்டும் வந்து நிற்கிறது. கிழவர் வழியில் ஓர் ஓடைக்கரையில் கிடக்கிறார், செத்து. எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு உறைத்தது. அந்தக் காலத்தில் காலைக்காட்சி இங்கிலீஷ் படம் என்றால் நம் ஊர் தியேட்டரில் இஷ்டத்துக்கு வெட்டுவார்கள். மேட்னிக்கு வந்த ஜனம் வெயிலில் நிற்கும், உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்பியாக வேண்டும். கடைசி ரீலையே ஓட்டாமல் விட்டிருக்கிறான் மகராசன். இவரும் இவர் கூட்டாளிகளும் கிழவர் பிழைத்துப் போய்விட்டார் என்றே நாற்பது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் அந்த தியேட்டர்காரன் வேலையைப் பார்த்தேன். தினமும் காலையில் படத்தைப் போடுவேன். கிழவர் ஏறும் இடத்தில் பிசியோ பெண், "இப்ப நீங்க சார்" என்பாள். முதல் வாரம் இருக்கையை விட்டு ஒரு சாண் எழும்பினார். பத்து நாளில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணும் வரை நின்றார். மலை வந்ததும் நான் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவேன். கோயிலுக்குப் போய் ரங்கநாதரை வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை. அந்தக் கிழவரைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் மாத்திரை வாங்கப் போனேன். உற்சவக் கூட்டம், தெருவை அடைத்துவிட்டார்கள். சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிசியோ பெண் வேலை முடிந்து, படத்தை ஓடவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நான் உள்ளே நுழையும்போது டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவர் வாய் கோணியிருந்தது, கண்ணில் தண்ணீர். இந்த வியாதியில் சிரிப்பும் அழுகையும் கட்டுப்பாடில்லாமல் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது எது என்று எனக்குத் தெரியவில்லை.

"செத்துட்டான்" என்றார். பிறகு, "உனக்குத் தெரியும்."

"தெரியுங்க" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அவர் எழுந்து நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் நாற்காலிக்கு மாற்றும்போது என் பிடி விட்டுப்போய், இரண்டு பேரும் தரையில் சரிந்தோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவரைத் தூக்கவும் முடியவில்லை, நான் எழவும் முடியவில்லை. எனக்கு வெறி வந்துவிட்டது.

"என்னால முடியலங்க! கேக்குதா? சினிமாக்காரன் செத்தா உங்களுக்கு என்ன? நான் செத்தா உங்கள யாரு பாப்பா?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் கூரையைப் பார்த்தபடி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, "ஹோம்ல சேத்துடு" என்றார்.

"சரி" என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. கோபத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை வெளியே வந்தபோது என் முதுகு வலி முழுவதும் இறங்கினாற்போல் இருந்தது. அதை அவரும் என் முகத்தில் பார்த்துவிட்டார். நான் கத்தியது கேட்டு மாடி வீட்டுக்காரர் வந்துதான் இரண்டு பேரையும் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலை பிசியோ பெண் டிவியைப் போடப் போனாள். இவர் வேண்டாம் என்று தலையசைத்தார். வாக்கரை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பதினைந்து எண்ணும் வரை நின்றார். கால் வெடவெடவென்று நடுங்கியது, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சூப்பர் சார்!" என்று அவள் கை தட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வாசல் வரை நடக்கிறார். பாத்ரூமுக்கு அவரே போய்வருகிறார். டாக்டர் ஆச்சரியப்படுகிறார், மகள் போனில் அழுதேவிட்டாள். நாலடி வைத்ததும் நின்று, இது போதுமா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். உங்களை எந்த முதியோர் இல்லத்துக்கும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொல்லிவிட்டால் மறுபடி உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இன்னும் சொல்லவில்லை.