விலாசத்தில் ஆள் இருக்கிறாள்

பச்சையம்மாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "சொன்னா கேக்கமாட்டா" என்றுதான் முதலில் சொல்வார்கள். அது பொய்யில்லை. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். நாற்பத்தாறு வயதில் இனிமேல் பிறத்தியார் சொல்லைக் கேட்டு அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன ஆனியில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மீஞ்சூர் ரயில் ஸ்டேஷனில் கலைவாணியைக் கண்டாள். இறால் டிப்போவில் தோல் உரிக்கிற பெண். இருபத்தைந்து வயது. பெஞ்சில் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க இன்னாம்மே பண்றே?"

"பதினோரு நாளா இங்கதாங்க்கா."

ஊருக்கே தெரிந்த கதைதான். யாரும் வாயால் சொல்வதில்லை. டிப்போ முதலாளி ஜெகதீஸ்வரன் அவளுக்குத் தங்க ஓர் அறை கொடுத்திருந்தான். அந்த அறைக்குள்ளேயே புகுந்து அவளைப் பலாத்காரம் செய்தான். அவள் போலீசில் எழுதிக் கொடுத்தாள். ஜாமீனில் வந்தவன் செய்த முதல் வேலை, அறைக்குப் பூட்டுப் போட்டதுதான். மீஞ்சூரில் இருந்த அண்ணன் அவளை வாசலோடு அனுப்பிவிட்டான்.

பச்சையம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். இருபது வருஷத்துக்கு முன் அவளுக்கும் இப்படித்தான் நடந்தது. ஒரு வீடும் அவளுக்குக் கதவு திறக்கவில்லை, பச்சையம்மாவின் மாமியார் வீடு உட்பட. எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது. அப்போது எதிர்த்துப் பேசாமல் இருந்ததற்காகப் பச்சையம்மா தன்னை மன்னித்ததே இல்லை.

"எழுந்திரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

வீட்டில் புருஷன் சின்னதம்பி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவனாகவே கதவுக்கு உள்தாழ்ப்பாள் வாங்கிவந்து பொருத்தினான்.

சோறும் பாயும் கொடுத்தால் போதும் என்றுதான் பச்சையம்மா நினைத்திருந்தாள். போதவில்லை. சாட்சி சொல்ல வரச் சொல்லி கோர்ட்டு அனுப்பிய சம்மன் இரண்டு முறை பழைய அறை விலாசத்துக்குப் போய், 'ஆள் இல்லை' என்று திரும்பியிருந்தது. மூன்றாவதும் திரும்பினால் வழக்கு நிற்காது என்றார் வக்கீல். பச்சையம்மா நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"வாடகைப் பத்திரம் இருக்கா?" என்றார் எழுத்தர்.

"எங்கூட கீறா சார். என் வீட்டு நம்பரப் போடுங்க." போடும்வரை அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

சேதி டிப்போவுக்குப் போயிற்று. மறுநாளே ஊர்த் தலைவர் கோதண்டம் எல்லாரையும் கூட்டினார். கெட்டவரில்லை, பயந்தவர். ஊர் பிடிக்கிற இறாலை எடுக்க ஜெகதீஸ்வரனை விட்டால் பக்கத்தில் ஆளில்லை.

"யாராவது வந்து கேட்டா, அந்தப் பொண்ணு இங்க இல்லன்னு சொல்லணும். வேறமாதிரி சொல்றவங்களுக்கு ஊர்ல எடமில்ல" என்றார்.

பச்சையம்மா எழுந்தாள். "ஒரு உசுரு கண்ணெதிர்ல நடமாடினு கீது தலைவரே. அத இல்லன்னு சொல்ல எனக்கு வராது."

மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். தலைவரின் மனைவி ரங்கம்மாளும் தரையைத்தான் பார்த்தாள்.

ஆனாலும் ஏரியில் பச்சையம்மாவை ஒதுக்கிவிட முடியாது. கைத்தடவல் தனியாள் வேலை இல்லை. ஏழு பேர் வரிசையாகக் குனிந்து போனால்தான், ஒருத்தி காலுக்குத் தப்புகிற இறால் அடுத்தவள் கையில் விழும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். வரிசை முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. திறந்தால் பறி சாய்ந்து பிடித்ததெல்லாம் போகும். சத்தத்துக்கு மற்றவர்கள் இறாலும் கலையும். அப்படிக் கலைத்தவளை ஒரு மாசத்துக்கு வாய்க்கு வாய் ஏசுவார்கள்.

கலைவாணியும் வரிசையில் கடைசி ஆளாக நின்று பழகிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒரு காலை. வரிசை பாதிதான் போயிருந்தது. பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தபோது கரையில் காக்கிச் சட்டை தெரிந்தது. போலீஸ் ஏட்டு கையில் காகிதத்தோடு நின்றார். எதிரே கோதண்டம் இரண்டு கையையும் விரித்துக்காட்டினார். ஏட்டு தலையாட்டிவிட்டு, வண்டி சீட்டின்மேல் காகிதத்தை வைத்து ஏதோ எழுதினார். பச்சையம்மா சேற்றில் நடந்து கரையேறுவதற்குள் அவர் பொன்னேரியைத் தாண்டியிருப்பார்.

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் பறி விழுகிற சத்தம் கேட்டது.

"சார்! நான்தான் கலைவாணி! இங்க கீறேன்!"

எதிர்க்காற்று. குரல் பாதி வழிகூடப் போகவில்லை. பச்சையம்மாவும் பறியை விட்டுவிட்டுக் கத்தினாள். ஏட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

வரிசையில் மற்ற ஐந்து பேரும் கயிற்றைக் கடித்தபடி நின்றார்கள். முதலில் நாகம்மாள் கயிற்றைத் துப்பினாள். பிறகு அடுத்தவள். ரங்கம்மாள் கரையில் நின்ற புருஷனைப் பார்த்தாள், நிறைந்த தன் பறியைப் பார்த்தாள். பிறகு அவளும் கயிற்றை விட்டாள்.

"கீறா! இங்கதான் கீறா!"

ஏழு தொண்டை ஒன்றாய்க் கத்தினால் எந்தக் காற்றும் என்ன செய்யும்? வண்டிச் சத்தம் நின்றது.

ஏழு பேரும் சேறு சொட்டக் கரையேறினார்கள். ஒருத்தியிடமும் ஒரு இறால் இல்லை. கோதண்டம் மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு அவன் சரக்கு எடுக்கலன்னா இன்னாமே பண்ணுவே?" என்றார்.

"பொன்னேரி சந்தைக்குத் தூக்கினு போவேன். இத்தினி வருசம் தலையில சுமக்கலியா?" என்றாள் ரங்கம்மாள்.

ஏட்டு சங்கடத்தோடு சம்மனை நீட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். கலைவாணி பேனாவை வாங்கிக்கொண்டாள். போடவில்லை. அந்த இடத்துக்கு மேலே அவர் சற்றுமுன் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூன்றாவது முறையாக, ஆள் இல்லை.

"மொதல்ல இத அடிங்க சார். அப்பால கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

ஏட்டு பேனாவை வாங்கி அடித்தார்.