வெண்மணல் பேரரசைத் தோற்கடிக்கப் போன கதை

காலை 6.15, கண்டி. கல்முனை பஸ்ஸில் ஏறும்போது என் பையில் ஒரு போர் இருந்தது. யானைகள், தீப்பந்தங்கள், மதிலில் சாய்த்த ஏணிகள் என்று பதினான்கு பக்கம், எல்லாம் நானே எழுதியவை. அன்று மாலைக்குள் அதைக்கொண்டு ஒரு பேரரசை வீழ்த்தியே தீருவது என்று முடிவுகட்டியிருந்தேன். கட்டணம் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.

விஷயம் இதுதான். எனக்கு ஊர் மாத்தளை. ஒரு சிறு பதிப்பகத்தில் பிரதி திருத்துகிறேன். பாலமுனையைச் சேர்ந்த ஜெஸீமா என்பவர் எட்டு வருடம் உட்கார்ந்து எழுதிய நாவல் எங்களிடம் வந்திருந்தது. வெண்மணல் என்பது அவர் கற்பனையில் கட்டிய பழங்காலப் பேரரசு. தோணிக்காரன் ஒருவன் ஏழு ஆற்றுமுகங்களைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை கட்டி அரசனாகிறான். பேரன் காலத்தில் மலைவரை கொடி பறக்கிறது. நடுநடுவே வரும் கல்யாணங்களைப் பக்கம் நிரப்பத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். முப்பத்தேழாவது அத்தியாயத்தில், ஒரு வாள்கூட உருவப்படாமல் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் அரசன் தலைநகர்க் கோட்டையை விட்டுப் பின்வளவுச் சமையல்கட்டுக்குக் குடிபோகிறான், அவ்வளவுதான்!

"போர் இல்லாம எந்த ராஜ்யம்யா விழும்? நீ எழுதினதுக்கு அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லாட்டி புத்தகமே வேணாம்" என்றார் முதலாளி. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பகல் 1.20, கல்முனை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சோற்றுப் பார்சலை அவசரமாக முடித்துக்கொண்டு அக்கரைப்பற்று பஸ்ஸில் தொற்றினேன். பாலமுனைக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று ஊர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. பக்கத்து இருக்கைக்காரர் புதிய சீலிங் ஃபேன் பெட்டியொன்றை மடியில் வைத்திருந்தார். மூன்றாவது மகளின் வீட்டுக்காம். பேச்சுவாக்கில், அந்தப் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, அவரிடமே கேட்டேன்:

"காக்கா, ஒரு பேரரசு எப்படி விழும்?"

அவர் பெட்டியைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். "அந்த ராசாக்கு எத்தின பொம்புளப்புள்ள?"

"கடைசி ராஜாவுக்கு மூணு."

"அப்ப விழுந்திரிக்கும்" என்றார், வெகு சாதாரணமாக. "பாவம் மனிசன்."

பகிடி விடுகிறார் என்று எண்ணிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிற்பகல் 2.30, பாலமுனை. ஜெஸீமாவின் வீடு புதுப் பெயின்ட் மணத்தோடு நின்றது. பின்வளவில் அவருடைய கணவர் ஹனிபா சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். ஜெஸீமாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தேநீர் வைத்தார், கண்ணாடியைப் போட்டார், அச்சுப்படியை முதலிலிருந்து புரட்டத் தொடங்கினார். ஒன்பதாவது அத்தியாயத்தில் விரல் நின்றது.

"இதென்ன தம்பி? இளவரசன் கலியாணம் முடிச்சுப் பொண்ணுட கோட்டைக்குப் போறான் எண்டுதானே நான் எழுதின? இதில பொண்ணு அவன்ட கோட்டைக்கு வாறா. ஆரு மாத்தின?"

"நான்தான் ராத்தா. கை தவறி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன். பதினொரு இடத்துல அப்படி இருந்துச்சு."

"பதினொரு தரமும் கை தவறுமா?"

பின்வளவிலிருந்து ஹனிபாவின் குரல் வந்தது. "நானும் கை தவறித்தான் தம்பி சாய்ந்தமருதில இரிந்து இஞ்ச வந்த. இருவத்தாறு வரிசமாச்சி."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் ஜெஸீமாவின் மகள் ரிஸ்னாவுக்குக் கல்யாணம். போன வாரமே வீட்டு உறுதியை அவள் பெயருக்கு எழுதியாயிற்று. ஹனிபா சீமெந்து பூசிக்கொண்டிருந்தது தங்களுக்கான இரண்டு அறைகளுக்குத்தான். வெண்மணல் அரசர்களும் இதையே செய்தார்கள்: மகளுக்கொரு கோட்டை, மகன்களோ அடுத்தவன் கோட்டைக்கு. ஏழு கோட்டைகளும் அப்படித்தான் கரைந்தன.

ஆனாலும் நான் லேசில் விடுகிற ஆளில்லை. பையைத் திறந்து என் பதினான்கு பக்கங்களையும் உரக்க வாசித்தேன். கோட்டை எரிந்து முடியும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதிரிக்கிறீங்க. ஆனா இது வேற ஆர்டயோ ராச்சியம்."

"வாசகர் நம்பணுமே ராத்தா?"

"படை வந்தாக் கதவச் சாத்தலாம் தம்பி. மருமகன் வந்தா? வாங்க மகன், இரிங்க எண்டுதானே செல்லோணும்?"

"கையெழுத்து இல்லாட்டி புத்தகம் நின்னுடும். எட்டு வருஷ உழைப்பு."

"ஓம். எட்டு வரிசமும் அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் எழுதின." பேனாவை என் பக்கமே தள்ளிவிட்டார். "வராட்டி வராமப் போகட்டும். ராசாவ நான் சண்டையில சாகக் குடுக்கமாட்டன்."

ஜெஸீமா எழுதுகிற மேசை ஏற்கெனவே பின்னறைக்குப் போயிருந்தது. "முன்னுக்கே கிடக்கட்டும் எண்டு எத்தின தரம் சென்னன். உம்மா கேக்கிறல்ல" என்று ரிஸ்னா என்னிடம் முறையிட்டாள்.

"உங்களுக்குக் கவலையே இல்லையா?" என்று ஜெஸீமாவிடம் கேட்டேன்.

"இல்லாம? முந்தநாள் குசினி அடுப்படியில இரிந்து அழுதன். அதுக்காகத் திருப்பித் தா எண்டு கேப்பனா?"

பூச்சு காயாத அந்த அறையில் நின்று கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். அதில், கூடத்தில் மகள் சிரிப்பது பின்வளவுவரை கேட்கிறது. அரசன் மனைவியிடம், "நம் கோட்டைதான், நன்றாகக் கேட்கிறது" என்கிறான். அந்தக் கல்யாணங்களை நிரப்புச் சரக்கு என்று நினைத்தேனே, வெட்கமாக இருந்தது.

மாலை 5.10, பாலமுனைச் சந்தி. முதலாளிக்கு அழைத்தேன்.

"போர் இல்ல முதலாளி."

"அப்ப புத்தகமும் இல்ல."

"அப்ப நானும் இல்ல" என்றேன். பதினேழு வருடத்தில் முதன்முறை அப்படிப் பேசினேன். மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தக் கடைசிப் பக்கத்தை வாசி, கேப்போம்" என்றார். மோட்டார் சைக்கிள் இரைச்சலுக்கு மேலாகக் கத்தி வாசித்தேன். கேட்டுவிட்டு, "திங்கட்கிழமை கொண்டு வா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை 7.00, கல்முனை. நேற்றைய அதே கட்டணம், அதே ஜன்னலோரம். அச்சுப்படியை மடியில் விரித்து, இளவரசர்களை ஒவ்வொருவராக மனைவியரின் கோட்டைக்கு அனுப்பத் தொடங்கினேன். பத்துப் பேர் போய்விட்டார்கள். பதினோராவதில், நான் திருத்தி எழுதியிருந்த வரி அப்படியே முகத்துக்கு நேரே நின்றது: "இளவரசி பிறந்த கோட்டையை விட்டுப் புறப்பட்டாள்."

என்னை 'நானா' என்று கூப்பிடும் என் தங்கை பரீனாவும் அப்படித்தான் கம்பளைக்குப் புறப்பட்டுப் போனாள். வாப்பா மௌத்தானதும் மாத்தளை வீடு என்னிடம் வந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெருநாளுக்கு வந்தால், பிறந்து வளர்ந்த வீட்டில் எந்த அறையில் படுப்பது என்று என் மனைவியிடம் கேட்கிறாள். எத்தனை பெருநாள் அதைக் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன்!

அந்த வரியை அடித்துவிட்டு அவளுக்கு அழைத்தேன்.

"பரீனா, வீட்டை ரெண்டு பேர் பேர்லயும் எழுதப் போறேன்."

அவள் மெல்லக் கேட்டாள்: "நானா, மதினிக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது" என்றேன். பஸ் மஹியங்கனையைத் தாண்டியிருந்தது. மாத்தளைக்குப் போய்ச்சேர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.