வலது பக்கத்துப் பியானோ

இசைத்தட்டுத் தொழிற்சாலையில் அவளுக்குக் ‘காது’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அங்கே யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். புது ஆல்பம் எதுவானாலும், அச்சிலிருந்து எடுத்த சோதனைத் தட்டு முதலில் அவளுடைய சின்ன அறைக்குத்தான் வரும். கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தட்டின் இருபுறமும் முழுக்கக் கேட்பாள். எங்காவது ஊசி குதிக்கிறதா, சத்தம் கரகரக்கிறதா, ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் அழுத்தும் எந்திரங்கள் ஓடும்.

நிஜமாகவே கூர்மையான காதுகள். டிரம்ஸ்காரரின் நாற்காலி கிறீச்சிட்டதைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த நாற்காலி கதையை மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, வலது காதில் சீழ் கட்டியது. காய்ச்சல் போனது. காதும் கூடவே போய்விட்டது. உள்ளே நரம்பு கெட்டுவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கணவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழுததைப் பார்த்து, “விடும்மா. இனிமே உன்னைத் திட்டணும்னா வலது பக்கமா நின்னு திட்டிக்கிறேன். ரெண்டு பேருக்கும் நல்லது” என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

“ஃபேக்டரில சொல்லிடு” என்றான்.

“சொன்னா என்னை அங்க வெச்சிருப்பாங்களா? காதுன்னு கூப்பிடுற வாயாலயே செவிடுன்னு கூப்பிடுவாங்க.”

“கூப்பிட்டா கூப்பிடட்டுமே.”

“உங்களுக்குத் தெரியாது. நீங்க சும்மா இருங்க.”

ஸ்டீரியோ வந்த புதிது அது. அந்தக் காலத்து ஜாஸ் தட்டுகளில் வாத்தியங்களை இரண்டாகப் பிரித்து, பாதியை இடது காதுக்கும் பாதியை வலது காதுக்கும் அனுப்பியிருப்பார்கள். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அதைச் சோதிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருமுறை முழுக்கக் கேட்டபின், ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்பாள். வேலை இரட்டிப்பானது. அவள் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிறாள் என்ற செய்தி எப்படியோ பரவி, மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, “பொறுப்புன்னா இதுதான், கத்துக்குங்க” என்றார். கைதட்டினார்கள். அவளுக்குக் கழுத்துவரை சுட்டது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

அந்த வருஷம் வெளிநாட்டு ராக் குழு ஒன்றின் ஆல்பம் வருவதாக இருந்தது. நீளமுடிக்காரர்கள் ஐந்து பேர். புத்தகம் மாதிரி விரியும் உறை. எல்லாக் கடைகளிலும் ஒரே காலையில் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவு. கடைக்காரர்கள் ஃபோனில் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். எந்திரங்களுக்கு ஓய்வே இல்லை. கட்டடம் முழுக்க உருகிய வினைல் வாடை.

அந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு ஜாஸ் ஆல்பமும் வந்து சேர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட முதல் தட்டு. வெளியீட்டுக்கு ஒரு சின்ன அரங்கத்தைப் பிடித்துவிட்டார்களாம். “இதை நடுவுல சொருகி அனுப்பிடணும். சீக்கிரம் கேட்டுச் சொல்லு” என்று மேனேஜர் சோதனைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

அவள் கேட்டாள். சாக்ஸபோன் தேன் மாதிரி இறங்கியது. அடியில் பாஸ், ஓரமாக டிரம்ஸ். ஒரு கீறல் இல்லை. ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொள்ளக் கை போன நேரத்தில் கதவைத் தட்டினார்கள். ராக் ஆல்பத்தின் இரண்டாவது அச்சு தயாராகிவிட்டது, அதை உடனே கேட்க வேண்டுமாம். இவ்வளவு சுத்தமாக வந்த தட்டில் மறுபாதி மட்டும் கெட்டா போயிருக்கும் என்று நினைத்தாள். ‘சரி’ என்று சொல்லிவிட்டாள்.

ஆல்பம் வெளியாகிக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு பெண் தட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தாள். நாலு பேரில் பியானோ வாசித்தவள் அவள்தான். வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். மேனேஜர் அவளைக் காதின் அறைக்கே அழைத்து வந்தார்.

“இதுல நான் இல்லைங்க” என்றாள் டீச்சர். குரல் உயரவில்லை. “கடையில வாங்கினதுலயும் இல்ல, தெரிஞ்சவங்க வாங்கினதுலயும் இல்ல. பத்திரிகையில வேற எழுதிட்டாங்க. பியானோ இல்லாம வாசிக்கத் துணிச்சல் வேணுமாம். உறையில என் பேரு தவறுதலா வந்திருக்கும்னு போட்டிருக்காங்க.”

“எங்க காது கேட்டு அனுப்பினதும்மா. தப்பு இருக்காது” என்றார் மேனேஜர்.

தட்டை ஓடவிட்டார்கள். காது ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதே சாக்ஸபோன், அதே பாஸ். “நல்லாத்தானே கேக்குது” என்றாள்.

டீச்சர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஹெட்போனை மெல்லக் கழற்றி, வலது பக்கத்துக் கிண்ணத்தைத் திருப்பி, அவளுடைய இடது காதில் வைத்துப் பிடித்தாள்.

ஒன்றுமே இல்லை. ஊசி தேயும் உஸ்ஸென்ற சத்தம் மட்டும்.

காதின் முகம் செத்துப்போனது. டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. மேனேஜர் மட்டும் குனிந்து எந்திரத்தின் ஒயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பக்கம் காலியா இருக்கு சார்” என்றாள் டீச்சர். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

மேனேஜர் நிமிர்ந்தார். “நீ கேட்டப்ப ரெண்டு பக்கமும் இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து தானாக வந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோதனைத் தட்டை அப்போதே உருக்கப் போட்டாகிவிட்டது. அதில் சரியாக இருந்தது பிறகு கெட்டது என்றால், எந்திரத்தில் தப்பான அச்சை யாரோ மாட்டியிருக்க வேண்டும். அச்சு மாட்டுகிறவர் அமைதியான மனிதர், அவளுக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்கிறவர். அவரைக் கூப்பிட்டு மேனேஜர் கத்தியது அறைவரை கேட்டது. மறுநாளிலிருந்து அவர் கீழே லாரிக்குப் பெட்டி ஏற்றினார்.

அவள் அந்த வழியாகப் போவதை நிறுத்தினாள். சாப்பாட்டு நேரத்தில் அறையிலேயே உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மூடி, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவன் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “யாரோட சண்டை?” என்றான். “யாரோடயும் இல்ல” என்றாள். அது உண்மைதான்.

ஒருநாள் சாயங்காலம் அச்சு மாட்டுகிறவரே அவள் அறைக்கு வந்தார். சட்டையெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி. வாசலிலேயே நின்றார்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்.” அவளைவிட மூத்தவர், ஆனாலும் எல்லோரையும்போல அக்கா என்றுதான் கூப்பிடுவார். “யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ராக் தட்டு ஓடுன நேரத்துல கண்ணு சொக்கிட்டு இருந்துச்சு. நான்தான் எதையோ மாத்தி மாட்டியிருக்கேன் போல. உங்க பேரும் இதுல அடிபடுது. மனசுல வெச்சுக்காதீங்க.”

செய்யாத தப்பை அவர் செய்ததாகவே நம்பிவிட்டார். அதற்கு அவளிடம் மன்னிப்பு வேறு கேட்கிறார். உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

“அண்ணே, உள்ள வாங்க” என்றாள். “இல்ல, வேணாம். வாங்க, மேனேஜர்கிட்ட போவோம்.”

மேனேஜர் ஃபோனில் இருந்தார். அவர் வைக்கும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவள் நின்றபடியே சொன்னாள். வலது காது செத்துவிட்டதை, திருப்பிக் கேட்பதை, அன்றைக்குத் திருப்பிக் கேட்காததை. பொய் சொன்னதை மட்டும் சொல்ல முடியாமல் நின்றாள். பிறகு அதையும் சொன்னாள். மேனேஜர் ஃபோனை வைக்கவும் மறந்து கையிலேயே பிடித்திருந்தார்.

“ஏம்மா, ஒரு ஸ்பீக்கர் வேணும்னு கேட்டிருந்தா வெச்சுக் குடுத்திருப்பேனே? ஸ்பீக்கர்ல கேட்டா ஒரு காதுக்கே ரெண்டு பக்கமும் வந்துடுமே!”

அது அவளுக்குத் தெரியாததல்ல. ஹெட்போன் எதற்கு வேண்டாம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், ஸ்பீக்கர் என்ற சொல்லையே வாயில் வரவிடாமல் வைத்திருந்தாள்.

அச்சு மாட்டுகிறவர் சுவரைப் பார்த்துப் பேசினார். “வீட்டுல என் பொண்டாட்டி கேக்குறப்பல்லாம், தூங்கிட்டேன், தூங்கிட்டேன்னு சொல்லிட்டு இருந்தேன்” என்றார். “பிள்ளைங்க முன்னாடி.” அவ்வளவுதான். கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த நாள் தன் பழைய எந்திரத்துக்குத் திரும்பினார். அதன்பின் அவளை அவர் அக்கா என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை.

மூல அச்சு வெட்டும் இடத்தில் ஓர் ஒயர் கழன்றிருந்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆனால் அப்படிப்பட்டதைப் பிடிக்கத்தானே அவளை அந்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளை உறைக்குள் தட்டு நுழைக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கிருந்த பெண்கள் நல்லவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஒருவர் காதில் ஒருவர் மெதுவாகப் பேசிக்கொண்டபோதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டீச்சரின் வீட்டுக்குப் போனாள். கணவன் கூட வந்து, தெருமுனையில் நின்றுகொண்டான். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் வாசலுக்கு வந்தாள்.

“மன்னிச்சுடுங்க” என்றாள் காது. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த மற்ற வார்த்தைகள் மறந்துபோயின.

டீச்சர் கதவைப் பிடித்தபடி யோசித்தாள். “அன்னைக்கு உங்க காது விஷயம் புரிஞ்சதுமே எனக்குப் பாவமா இருந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க ‘இருந்துச்சு சார்’னு சொன்னீங்க பாருங்க.” நிறுத்தினாள். “மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது சும்மா வாய் வார்த்தை. எனக்கு இன்னும் அது வரல.”

“சரிங்க” என்றாள் காது.

“தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாங்க.”

ஆல்பத்தைத் திருத்தி மறுபடி அழுத்தினார்கள், கொஞ்சமாக. அதைச் சீந்துவார் இல்லை. நாலு பேரும் அடுத்த தட்டு போடவும் இல்லை. திருத்திய தட்டு ஒன்றை அவள் வாங்கிப் போய், பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்பீக்கரில் கேட்டாள். பியானோ முன்னால் வந்து ஆடவில்லை. சாக்ஸபோன் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கியது. அது சுமாராக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முதல் பக்கம் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

வெகுநாள் கழித்து ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஏறி, அவளைப் பார்த்து, பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, நான் ஜன்னலுக்குப் போறேன். இல்லாட்டி உங்களுக்குக் கேக்காது.”

இடம் மாறி உட்கார்ந்தார்கள். டீச்சர் சாதாரணமாகப் பேசினாள். புதிதாக வந்த மாணவி ஒருத்தி விரலை நீட்டவே மாட்டேன் என்கிறாளாம், அவள் அம்மாவோ அடுத்த வருஷமே மேடை ஏற வேண்டும் என்கிறாளாம். எல்லாம் தெளிவாகக் கேட்டது. காது தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கன்னம் எரிந்தது.

“வரேங்க” என்று எழுந்து, தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தாள்.