கோட்டின் மேல் இருந்த மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு ஏழு வகை மாத்திரை. போன வருஷம் நெஞ்சு அடைக்கிறது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்து எழுந்து வந்ததிலிருந்து இப்படித்தான். மாத்திரை அட்டையில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவதோடு நின்றவள். தமிழ் பேப்பரை மெதுவாகப் படித்துவிடுவேன், இங்கிலீஷ் என்றால் பஸ் நம்பர்கூட அடுத்தவர் சொல்லித்தான்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மருமகள் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே வீடெடுத்து இருக்கிறாள். சனிக்கிழமையானால் அவிநாசி பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். அவள்தான் எனக்காக ஒரு தாள் செய்தாள். எக்செல் என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கிறது. அதில் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று பத்தி. ஒவ்வொரு மாத்திரையையும் என் வெள்ளைத் துண்டின் மேல் வைத்துப் போனில் படம் பிடித்து, எந்த வேளைக்கு எதுவோ அந்தக் கட்டத்தில் அந்தப் படத்தை வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. படம் ஒன்றுக்கொன்று பெரிசு சிறிசு இல்லாமல் வரிசையாக இருக்க வேண்டும் என்று இழுப்பதும் சுருக்குவதுமாக இருந்தாள். மத்தியானச் சாப்பாடுகூட ஆறிப்போய்த்தான் சாப்பிட்டாள்.

"ஒண்ணுமே படிக்க வேண்டாமுங்கத்தை. படத்தப் பாத்து எடுத்துக் குடுங்க, போதும்" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் டாக்டர் ஒரு பிரஷர் மாத்திரையை மாற்றினார். அவள் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுசை ஒட்டி, அவிநாசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனிலேயே அனுப்பிவிட்டாள். நான் காய் வாங்கப் போனபோது தாளை வாங்கி வந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

ஆறு படம் அதனதன் கட்டத்தில் இருந்தது. புது மாத்திரை மட்டும் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் நின்றது. மேலிருந்து வந்த கோடு படத்தின் தலையில் முட்டி நின்று, அடியில் மறுபடி தொடங்கியது. பாதிப் படம் காலையில், பாதிப் படம் மதியத்தில்.

ரொம்ப நேரம் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிளேடால் மாத்திரையை இரண்டாக நறுக்கி, பாதி இப்போது, பாதி அப்புறம் என்று கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். இருந்தாலும் போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு தரம் தோன்றியது. அவள் மீட்டிங்கில் இருப்பாள். நாள் முழுக்க உட்கார்ந்து செய்தவளிடம் இது புரியவில்லை என்றால் எப்படி எடுத்துக்கொள்வாளோ. இதைக்கூடவா கேட்பார்கள் என்று நினைத்தால்? போனைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக்கினேன். காலையில் பாதி, மதியம் பாதி. பத்து நாள் கொடுத்தேன்.

பதினொன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மோட்டார் ரூம் படியில் ஏறியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது நெற்றியில் ரத்தம், கை சில்லிட்டுக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கார் பிடித்து அவிநாசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மருமகளும் ஆபீஸிலிருந்து நேரே வந்துவிட்டாள். பிரஷர் ஒரேயடியாக இறங்கியிருக்கிறது என்றார்கள். நெற்றியில் நான்கு தையல்.

டாக்டரிடம் மாத்திரைப் பையைக் கொட்டினேன். அட்டையோடு நறுக்கிய பாதி ஒன்றும் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். இது உள்ளே போய் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற மாத்திரை, உடைத்தால் மருந்து மொத்தமாக ஏறிவிடும், முழுசாகத்தான் விழுங்க வேண்டும் என்றார். யார் உடைத்தது என்று கேட்டார்.

கொட்டிய மாத்திரைகளைத் திரும்பப் பையில் அள்ளத் தொடங்கினேன்.

"நானுங்க" என்றார் என் வீட்டுக்காரர், கட்டிலில் படுத்தபடியே. "பெருசா இருந்துதுங்க, முழுங்க முடியல. அதான் ஒடைச்சுப்போட்டனுங்க."

தினமும் அந்தப் பாதியை என் கையிலிருந்துதான் வாங்கினார். மருமகளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. சின்னப் பையனாட்ட பண்றீங்களே மாமா என்று அவரைத்தான் கடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். மூன்று வேளையும் வீடியோ காலில் வருவாள். அவர் மாத்திரையை முழுசாகக் காட்டி, விழுங்கி, வாயைத் திறந்து நாக்கை நீட்ட வேண்டும். போனை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பது நான்.

இருபது ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்த்த மனுஷன். சந்தையில் அவர் ஒரு விலை சொன்னால் மறுபேச்சு இருக்காது. அவர் நெற்றியில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து போனுக்கு நாக்கை நீட்டினார். மருமகள் மேல் தப்பில்லை, பயந்துபோய்த்தான் செய்தாள். "இன்னும் கொஞ்சம் தொறங்க மாமா, நாக்குக்கு அடியில தெரியல" என்பாள். அவர் திறப்பார். படம் ஆடுது அத்தை என்பாள்.

மூன்றாம் நாள் போனை வைத்ததும் அவர், "சந்தையில ஆட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கறாப்பல இருக்குது புள்ள" என்று சிரித்தார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான்தான் உடைத்தேன் என்று மருமகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். உடு, உன்னைய ஒண்ணுந்தெரியாதவளுன்னு நெனச்சுக்குவாங்க என்றார். அதற்காகத்தான் அவர் பொய் சொன்னார் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

சனிக்கிழமை மருமகள் வந்தாள். காபி கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன். அப்புறம் அலமாரியைத் திறந்து தாளைப் பிய்த்து எடுத்து வந்து அவள் முன்னால் வைத்து, அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தேன்.

"மாமா ஒடைக்கல கண்ணு. நாந்தான். இது பாதி இங்கியும் பாதி அங்கியும் இருந்துது. அதான் பாதி பாதியாக் குடுத்துப்போட்டேன்."

அவள் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்லீங்கத்தை" என்றாள் கடைசியில்.

"உன்ற வேலை கெட்டுப்போவுமேன்னு..." என்றேன்.

லேப்டாப்பைத் திறந்தாள். அதில் அந்த மாத்திரை காலைக் கட்டத்துக்குள் ஒழுங்காகத்தான் இருந்தது. கடையில் தாளுக்குள் அடங்க வேண்டும் என்று பத்திகளைக் குறுக்கியிருக்கிறார்கள். மற்ற ஆறும் கட்டத்தோடு சேர்ந்து சுருங்கிவிட்டது. கடைசியில் ஒட்டிய இதை மட்டும் கட்டத்தோடு சேர்ந்து நகரும்படி அவள் வைக்கவில்லை. கட்டம் நகர்ந்துவிட்டது, படம் அங்கேயே நின்றுவிட்டது.

"படம் கட்டத்துக்குள்ள இருக்கற மாதிரித்தான் தெரியுமுங்க. ஆனா மேல மெதந்துக்கிட்டு இருக்கும். பிரிண்ட நான் ஒரு தடவ பாத்திருக்கோணும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுவில் வந்த சனிக்கிழமை அந்த அலமாரியை ஒரு தரம் திறந்திருந்தால் அவளே பார்த்திருப்பாள், நான் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பவும் செய்யலாம் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மவுஸை என் கையில் கொடுத்தாள். கீபோர்டில் ஆல்ட் என்று ஒரு கட்டை இருக்கிறது. அதை அமுக்கிக்கொண்டு படத்தை இழுத்தால் கோட்டின் ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. முதலில் இரண்டு தரம் ராத்திரிக் கட்டத்துக்குப் போய்விட்டது, எனக்கு வியர்த்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்தது. எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும், அப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவள் சரிசெய்யப் போனாள்.

கேட்கலாமா வேண்டாமா என்று வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு கேட்டேன்.

"ஏங்கண்ணு, சின்ன மாத்திரையச் சின்னதா வெக்கலாமா? எல்லாம் ஒரே அளவா இருந்தா வெள்ளை மூணும் எனக்கு ஒண்ணாட்டவே தெரியுது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தன நாளாவா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஒவ்வொரு மாத்திரையும் அதன் அளவுக்கே வைத்தோம். தாள் முன்னைப்போல அழகாக இல்லை. பிரிண்ட் எடுத்து அவளே கொண்டு வந்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து என்னைச் சொல்லச் சொன்னாள். போன் பார்க்கும் வேலையும் அன்றோடு வேண்டாம் என்றுவிட்டாள். என் வீட்டுக்காரரிடம் போய் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் சரி சரி என்று கையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் மாத்திரையை எடுத்தேன். தாளைப் பார்த்தேன், அட்டையைப் பார்த்தேன், மறுபடி தாளைப் பார்த்தேன். முழுசாகக் கொடுத்தேன். அவர் தண்ணீரோடு விழுங்கினார். விழுங்கிவிட்டு, போன் இல்லை என்பதை மறந்து, பழக்கத்தில் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.

பார்க்காமல் திரும்பிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன், அடியிலும் சேர்த்து.